‘48 வோல்ட்’ பெட்டிக்குள் ஐந்தே செல்: சார்ஜ் போடும் மர அறுவை மிஷின் வாங்குகிறவர்கள் கவனிக்க

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருக்கிறது. மணல் பூமி. வேலியோரம் முழுக்கச் சீமைக்கருவேல். இரண்டு மழைக்கு விட்டுவிட்டால் கிணற்றடி வரை வந்துவிடும். அரிவாளால் வெட்ட ஆள் தேடித் தேடி அலுத்துப்போய், ராமநாதபுரத்தில் ஒரு கடையில் சார்ஜில் ஓடும் செயின் மிஷின் வாங்கினேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் இதே மிஷின் நம் பக்கம் பல கடைகளில் தொங்குவதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பெட்டியில் ‘48 வோல்ட்’, ‘6000 எம்ஏஎச்’ (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு), இரண்டு பேட்டரி, எட்டு இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) என்று போட்டிருந்தது. விலை 4,200 ரூபாய். கடைக்காரர் ஒற்றைக் கையில் தூக்கி, “அண்ணே, பொம்பளப் பிள்ளகூட ஒரு கையில அறுக்கலாம்ணே, எண்ணெய்கூட ஊத்த வேண்டாம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த இரண்டு விஷயமுமே தவறு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதல் நாளே நடந்தது இது. என் மச்சான் இடது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மிஷினை ஓட்டினான். கடையில் மாட்டிக் கொடுத்த செயினை அப்படியே ஓட்டினோம். பத்து நிமிடத்தில் செயின் சூடாகித் தொங்க ஆரம்பித்தது. அடுத்த கிளையில் பாரை விட்டு எகிறி, அவன் இடது கைக் கட்டைவிரல் அடியைக் கிழித்துவிட்டது. ஆறு தையல். கையுறை போட்டிருந்ததால் ஆறோடு போயிற்று. எலும்பு வரை போயிருந்தால் கடலுக்குப் போகிற பிள்ளை வலை இழுப்பது எப்படி?

மறுநாள் கடைக்குப் போனேன். “வெட்டிப் பார்த்த பொருளை எடுக்க மாட்டோம்” என்றார்கள். பில்லைக் காட்டினேன். அது பில்லே இல்லை, ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, மாடல் எண் இல்லை, வாரண்டி அட்டையில் முத்திரை இல்லை. புதுச் செயின் மட்டுமாவது கொடுங்கள் என்றேன். இந்த அளவுக்குத் தனியாக வராது என்றார்கள். நல்ல மிஷினில் பாரின் மேலேயே செயின் அளவும் கண்ணி எண்ணிக்கையும் பொறித்திருக்கும். அதைப் பார்த்து எந்த ஊரிலும் செயின் வாங்கலாம். இதில் ஒரு எழுத்துகூட இல்லை.

சரி, பேட்டரியாவது உருப்படியா என்று பார்க்கலாம் என்று, சோலார் விளக்கு பழுது பார்க்கும் தெரிந்த தம்பியிடம் கொண்டுபோனேன். முழுச் சார்ஜில் மல்டிமீட்டர் வைத்தான். 20.6 வோல்ட். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஐந்து லித்தியம் செல்தான், வரிசையாக. ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், சராசரியாக 3.6. ஐந்து செல்லுக்குச் சராசரி 18 வோல்ட், உச்சம் 21. நிஜமாகவே 48 வோல்ட் வேண்டுமென்றால் பதின்மூன்று செல்லாவது வரிசையாக இருக்க வேண்டும். அப்புறம் அந்த 6000 எம்ஏஎச். இந்தக் கட்டைவிரல் பருமன் செல்லில் நல்ல கம்பெனி செய்வதே அதிகபட்சம் 3500 பக்கம்தான். ஐந்தை ஒரே வரிசையில் கோத்தால் வோல்ட் கூடுமே தவிர எம்ஏஎச் கூடாது. அதாவது அட்டையில் இருந்த இரண்டு எண்ணும் பொய். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியைப் பிரிக்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

பணத்தில் ஏமாந்ததைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். என்னால் ஆற்றிக்கொள்ள முடியாதது அந்த மிஷினில் செயின் பிரேக் இல்லாதது. முழு அளவு மிஷினில் முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். பார் நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கித் துள்ளும். கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. அப்போது கை அந்தத் தடுப்பில் பட்டு அது முன்னால் சாய்ந்தால் செயின் உடனே நிற்கும். இரண்டு கையாலும் பிடித்திருந்தால்தான் அந்தத் துள்ளலைக் கொஞ்சமாவது தாங்க முடியும். ‘ஒரு கையில அறுக்கலாம்’ என்று விற்பது அதனால்தான் பெரிய குற்றமாக எனக்குப் படுகிறது. பிடித்த கிளைக்கும் செயினுக்கும் நடுவில் உங்கள் இன்னொரு கை இருக்கிறது.

இதற்குப் பிறகு விஷயம் தெரிந்தவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். செயினைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிட வேண்டும், எத்தனை அவசரமானாலும். பாரின் மேல்பக்கம் பல்லின் வெட்டும் முனை நுனியைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பி மாட்டினால் அறுக்காது, புகைதான் வரும். பார் நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்க வேண்டும். கையுறையோடு செயினை நடுவில் இழுத்தால் அடிக்கண்ணி (பார் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) பள்ளத்தை விட்டு முழுசாக வெளியே வரக் கூடாது, விட்டதும் ஒட்டிக்கொள்ள வேண்டும், கையால் இழுத்தால் தாராளமாகச் சுற்றவும் வேண்டும். புதுச் செயின் முதல் சில நிமிடத்திலேயே நீளும். ஆகவே நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். சூட்டில் இறுக்கினால், ஆறும்போது சுருங்கிப் பாரையே இழுக்கும். இதைக் கடையில் ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் மச்சானுக்குத் தையல் விழுந்திருக்காது.

எண்ணெய் வேண்டாம் என்றாரே, எண்ணெய் இல்லாமல் ஓடினால் பார் பள்ளம் தேய்ந்து செயின் கழன்று போகும். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, நுனியை வெள்ளைக் காகிதத்துக்கு மேல் தள்ளிப் பிடித்து ஓட்டினால் மெல்லிய கோடாகத் தெறிக்க வேண்டும். வண்டியில் வடித்த பழைய ஆயில் வேண்டாம், அதில் இரும்புத் துகள் கலந்திருக்கும்.

நம் கரையில் இரண்டு எதிரி உண்டு, மணலும் உப்புக்காற்றும். வெட்டும்போது செயின் ஒரே ஒருமுறை மணலில் இறங்கினாலும் பல் மழுங்கிவிடும். அடியில் ஒரு கட்டை வைத்துத்தான் அறுக்க வேண்டும். சீவல் சீவலாக விழாமல் மாவாக விழுந்தால் பல் போய்விட்டது என்று பொருள், அழுத்தி அறுக்காமல் அரம் போடுங்கள். பனை மட்டையில் ஓட்டினால் நார் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயினை ஓட்டும் பல்சக்கரத்தில், சுற்றிக்கொள்ளும், மூடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் எண்ணெய் தடவி வைக்காத செயின் இங்கே ஒரு வாரத்தில் துரு ஏறிவிடும். பேட்டரியைத் தகரக் கொட்டகை வெயிலில் போடாதீர்கள், சூடாக இருக்கும்போது சார்ஜும் போடாதீர்கள். கைலி கட்டிக்கொண்டு மிஷினைத் தொடவே கூடாது. கண்ணாடி, முழுக்கால் சட்டை, நல்ல ஷூ. கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வருவது உங்களுக்கே தெரியும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பிய ஜிபே பதிவு, பேட்டரி அளந்த படம், தையல் போட்ட சீட்டு எல்லாம் வைத்திருக்கிறேன். இதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரை பொருள் மதிப்பு உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் வாங்கினால் முறையான பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

மச்சானுக்குத் தையல் பிரித்தாயிற்று. விரல் மடங்குகிறது, நுனியில் மட்டும் இன்னும் மரத்துக் கிடக்கிறது. நேற்று பக்கத்துத் தோப்பு அண்ணன் இரவலாக மிஷினைக் கேட்டு வந்தார். தரவில்லை. அரிவாளை எடுத்துக் கொடுத்து, கூடவே நானும் போய் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.