பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு இக்கால மானிட்டர்: சென்னையில் செய்துகொண்ட வேலை

கனடா, அமெரிக்கா பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊர் வீட்டுப் பரணில் பழைய பிரிட்டிஷ் ஹோம் கம்ப்யூட்டர் ஏதாவது கிடந்தால், அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். ஊரிலேயே வைத்து வேலையை முடியுங்கள். டொராண்டோவில் கரண்ட் 120 வோல்ட். அங்கே விற்ற டிவிகள் என்டிஎஸ்சி என்ற வண்ணப்பட முறையைச் சேர்ந்தவை. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் இருந்த பிஏஎல் முறைச் சிக்னலைக் கொடுத்தால் பலவற்றில் படம் உருளும், இல்லாவிட்டால் வண்ணம் வராது. இந்த மெஷின்களோ 240 வோல்ட்டுக்கும் பிஏஎல்லுக்கும் செய்யப்பட்டவை. சென்னையில் இந்த இரண்டு தலைவலியும் கிடையாது. அதைவிட முக்கியம், மதர்போர்டைக் கையில் வாங்கியதும் பயப்படாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் டிவி மெக்கானிக்குகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே, ரப்பர் பட்டன் வைத்த மாடல். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளியானது. இசட்80ஏ சிப், 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகம். 1985-ல் சித்தப்பா லண்டனிலிருந்து திரும்பும்போது வாங்கி வந்தார். இது டிவிக்கு அனுப்புவது யுஹெச்எஃப் 36-ஆம் சானலில். எங்கள் வீட்டு பிளாக் அண்ட் வைட் டிவியோ தூர்தர்ஷன் வந்த விஹெச்எஃப் சானல்களை மட்டும்தான் பிடிக்கும். அதனால் பக்கத்து வீட்டு மாமியின் கலர் டிவி காலியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் நானும் தம்பியும் 'பேசிக்' என்ற புரோகிராம் மொழியைக் கற்றுக்கொண்டோம். அந்த மெஷினைத் தம்பி பெண்ணுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும், ரெண்டாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தடவை திட்டம். மானிட்டர் புதிதாக வாங்கவில்லை. தம்பி ஆபீஸ் வேலைக்கு வைத்திருக்கும் 22 இன்ச் மானிட்டரே போதும். அதில் எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டும் இருக்கின்றன.

முதலில் போனது ஒரு பெரிய கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டர். டோக்கன் போட்டு உட்கார வைத்து, கடைசியில் அந்தப் பையன் மெஷினைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது, புதுசு வாங்கிடுங்க" என்றான். எந்த சிக்னல் வெளியே வருகிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியில்தான் முழு வேலையும் அடங்கியிருக்கிறது.

ஸ்பெக்ட்ரம் ஒரு நொடிக்கு 15,625 கோடுகள் வரைகிறது. ஒரு படத்துக்கு 312 கோடு, நொடிக்கு சுமார் 50 படம். விஜிஏ மானிட்டருக்குக் குறைந்தபட்சம் ஏறத்தாழ 31,000 கோடு வேண்டும். அதனால் வெறும் ஒயரை மாற்றிச் செருகி எந்தப் பயனும் இல்லை. நடுவில் சிக்னலை மாற்றித் தரும் ஒரு பெட்டி கட்டாயம். கடையில் கிடைக்கும் மலிவுப் பெட்டிகள் கேட்பது ஏவி சிக்னல், அதாவது மஞ்சள் பின்னில் வருகிற காம்போசிட். ஸ்பெக்ட்ரமின் பின்பக்க சாக்கெட் பார்க்க ஏவி சாக்கெட் போலவே இருந்தாலும் அதில் வருவது ஆன்டெனா சிக்னல். ஆனால் மெஷினுக்குள்ளே காம்போசிட் தயாராகவே இருக்கிறது. மாடுலேட்டர் என்ற தகர டப்பாவுக்குள் நுழைந்துதான் அது ஆன்டெனா சிக்னலாக மாறுகிறது. அந்த டப்பாவைத் தாண்டி வெளியே எடுத்துவிட்டால் தீர்ந்தது.

குரோம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். பிக்சர் டியூப் காலத்திலிருந்து அதே கடை. இப்போது மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, எல்இடி டிவி பேக்லைட் என்று ஓட்டுகிறார். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அடிப்பக்கத்து ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டார். மேல்மூடியைச் சட்டென்று தூக்கவில்லை. கீபோர்டிலிருந்து போர்டுக்கு இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள் வருகின்றன. நாற்பது வருடத்தில் அவை அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், இழுத்தால் நொறுங்கும். அவர் மூடியை இரண்டு விரல் உயரம் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பட்டைகளை ஒவ்வொன்றாக நேராக மேலே உருவினார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"டப்பாவுக்குள்ள ரெண்டே ஒயர்தான் போகுது தம்பி. ஒண்ணு அஞ்சு வோல்ட், இன்னொண்ணு வீடியோ. சாக்கெட்டுக்கு உள்ளேர்ந்து வர்ற ரெசிஸ்டரை எடுத்துட்டு, வீடியோவ நேரா சாக்கெட்டுக்குக் குடுத்துடலாம். நடுவுல ஒரு கண்டன்சர் போட்டுடறேன்" என்றார். இணையத்தில் பல வருடங்களாக எழுதி வைத்திருக்கும் முறையும் இதேதான். அவர் அதைப் படித்தவர் இல்லை. போர்டைப் பார்த்தே சொன்னார். போட்டது 100 மைக்ரோஃபேரட் கண்டன்சர், பிளஸ் பக்கம் போர்டை நோக்கி. வெளியே ஒரு ஓட்டை போடவில்லை, பழைய சாக்கெட்டே இப்போது ஏவி சாக்கெட். நாளை யாராவது பழையபடி மாற்ற நினைத்தால் மாற்றலாம்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் முன் அவர் செய்த இன்னொரு காரியத்தை யாரும் விடக்கூடாது. இந்த மாடலில் கீழ் 16 கே மெமரிக்கு 4116 என்ற சிப் எட்டு இருக்கிறது. அதற்கு 5 வோல்ட் மட்டும் போதாது. 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் சேர்ந்து வேண்டும். மைனஸ் 5 நின்றுபோனால் சிப்புகள் வரிசையாகப் போய்விடும். அவர் பழைய எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்களை எல்லாம் மாற்றிவிட்டு, மூன்று வோல்ட்டேஜையும் மல்டிமீட்டரில் பார்த்த பிறகுதான் தலையாட்டினார்.

அடாப்டர்தான் உண்மையான ஆபத்து. சின்க்ளேர் கொடுத்த 9 வோல்ட் அடாப்டர் சும்மா இருக்கும்போது அதைவிட அதிகமாகக் காட்டும், மெஷினைச் சூடாக்கும். அதற்குப் பதில் ரௌட்டருக்குப் போடும் 9 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் போதும். ஆனால் கடையில் கிடைப்பதில் நடு முனை பிளஸ். ஸ்பெக்ட்ரமுக்கு நடு முனை மைனஸ். அப்படியே செருகினால் மெஷின் காலி. ஒயரை வெட்டி, மாற்றி ஜாயின்ட் போட்டு, பின்னை மீட்டரில் பார்த்து, 'ஸ்பெக்ட்ரம் மட்டும்' என்று அடாப்டர் மேலேயே எழுதி ஒட்டச் சொன்னேன். வீட்டில் வேறு யாராவது அதை எடுத்து ரௌட்டரில் செருகிவிடக்கூடாது.

மிச்ச சாமான்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. கிண்டியில் மெட்ரோ மாறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், கவனம். நான் தேடிப் போனது ஏவி டு எச்டிஎம்ஐ பெட்டி. உள்ளங்கையில் அடங்கும் சைஸ். அதே உருவத்தில் எச்டிஎம்ஐ டு ஏவி என்ற எதிர்த்திசைப் பெட்டியும் விற்கிறார்கள். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்ததே அந்த எதிர்த்திசைப் பெட்டிதான். மேலே எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். நான் கேட்டதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். ஒரு சிசிடிவி கேமராவை மாட்டிப் படம் வருகிறதா என்றும் காட்டினார். இப்படி டெஸ்ட் செய்து காட்டாத கடையில் வாங்க வேண்டாம். வெளியே வந்த பிறகு ரிட்டர்ன் என்ற பேச்சே எடுபடாது. பெட்டி 500 ரூபாய்க்குச் சற்று மேல், அடாப்டர் 200-ஐ ஒட்டி, ஏவி ஒயரும் எச்டிஎம்ஐ ஒயரும் சில்லறை. ஒலிக்கு வேறு ஒயர் வேண்டாம், ஸ்பெக்ட்ரமின் சின்ன ஸ்பீக்கர் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

எச்டிஎம்ஐ மானிட்டரே இல்லாதவர்கள் அதே தெருவில் சிசிடிவி கடைகளைப் பாருங்கள். ஏவி சாக்கெட் அல்லது பிஎன்சி (சிசிடிவி ஒயர் மாட்டும் வட்ட சாக்கெட்) உள்ள சிறிய மானிட்டர்கள் அங்கே வரும். காரின் ரிவர்ஸ் கேமராவுக்கு விற்கும் 7 இன்ச் திரையும் காம்போசிட்டை நேராக வாங்கிக்கொள்ளும். பெட்டி எதுவும் தேவையில்லை. வீட்டு எல்இடி டிவியில் ஏவி என்று 3.5 மிமீ ஓட்டை இருந்தால் அதற்குரிய ஒயரைத்தான் வாங்க வேண்டும். உள்ளே எந்த வளையத்தில் வீடியோ என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

படம் எப்படி? திரையின் கீழ்ப்பகுதியில் '© 1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட்' என்று வந்தபோது தம்பி கைதட்டிவிட்டான். எழுத்து வாசிக்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஓரங்களில் வண்ணம் கசிகிறது, சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஊர்கிற மாதிரி தெரிகிறது. அது காம்போசிட்டின் குணம், எந்தப் பெட்டி போட்டாலும் முழுசாகப் போகாது. மலிவுப் பெட்டி 50 படத்தை 60 ஆக்கி அனுப்புவதால், பக்கவாட்டில் ஓடும் விளையாட்டுகளில் லேசாகத் திக்கித் திக்கி நகரும். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் ஒரு நொடிப்பொழுது இடைவெளியும் உண்டு. படம் அகலமாக இழுபட்டிருந்தால் மானிட்டர் மெனுவில் 4:3 வைத்துக்கொள்ளுங்கள். பேசிக் எழுத, பிள்ளைகளுக்குக் காட்ட இது தாராளம். இதற்காக வெளிநாட்டு அப்ஸ்கேலருக்கு, அதாவது இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும் விலை கூடிய பெட்டிக்கு, பத்தாயிரம், பதினைந்தாயிரம் செலவழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்த மெஷினில் புரோகிராம்கள் கேசட்டிலிருந்து ஏறும், ஆனால் அதற்காகக் கேசட் பிளேயரைத் தேட வேண்டாம். மொபைலில் டேப் ஒலியை வைத்து, 3.5 மிமீ ஒயரை இயர் சாக்கெட்டில் செருகி, வால்யூமை ஏறக்குறைய முழுதும் வைத்தால் ஏறிவிடுகிறது. திரையின் பார்டரில் முதலில் சிவப்பும் நீலப்பச்சையும் பட்டையாக ஓடும், பிறகு நீலமும் மஞ்சளும். அந்த இரண்டாவது பட்டைகள் வந்தாலே டேட்டா உள்ளே போகிறது என்று அர்த்தம். தம்பி பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டு, வால்யூமைத் தானே ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் பிபிசி மைக்ரோ என்ற அதே காலத்து பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் இருக்கக்கூடும். 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு அந்த மெஷின்கள் வந்தன. அதில் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அனுப்பும் ஆர்ஜிபி வெளியீடு இருக்கிறது. ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடும் ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ போர்டு அதற்கென்றே உருவானது. படம் கண்ணாடி மாதிரி வரும், செலவு கொஞ்சம் கூட. ஆனால் ஆசையில் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். பவர் சப்ளையில் இருக்கும் ரிஃபா கம்பெனியின் பழைய கண்டன்சர்கள் வெடித்து அறை முழுக்கப் புகையாகலாம். அவற்றை மாற்றிய பிறகே பிளக்கைச் செருக வேண்டும்.

மெக்கானிக் கேட்டது 400 ரூபாய், கண்டன்சர்கள் உட்பட. நான் கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மிகவும் தயங்கினார். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள இப்போது யாரும் வருவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. இப்படிப்பட்டவர் உங்கள் பகுதியில் இருந்தால் இந்தப் பயணத்திலேயே போய்ப் பாருங்கள். மாலை ஐந்துக்கு மேல் போனால் அவசர வேலைகள் முடிந்து நிதானமாக உட்காருவார்கள். ஸ்பெக்ட்ரம் கீபோர்டின் உள்தாள் (பட்டன்களுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாள்) மட்டும் சென்னையில் எனக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் அதைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள், புறப்படும் முன் வரவழைத்துக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.