“150-இல் 37-வது”: சான்றிதழை நம்பி சரக்கு வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

‘N’ ஸ்கேல் (அசலில் 160-இல் ஒரு பங்கு அளவு) ரயில் மாடல்கள் சேர்க்கும் நண்பர்கள் யாராவது “பர்லிங்டன் நார்தர்ன் நினைவுத் தொகுப்பு, நான்கு பாக்ஸ்கார், மொத்தமே 150 செட்” (பாக்ஸ்கார் என்றால் நாற்புறமும் மூடிய சரக்கு வண்டி) என்ற விளம்பரத்தைப் பார்த்திருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள். உங்களுக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.

விற்பவர் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக்காரர். ரயில் கண்காட்சிகளில் மேஜை போடுவார், இணைய ஏலத்திலும் விற்பார். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அவர் தேர்ந்தெடுத்த விஷயம் அப்படிப்பட்டது. 1970 மார்ச் 2-ஆம் தேதி கிரேட் நார்தர்ன், நார்தர்ன் பசிபிக், சிகாகோ பர்லிங்டன் அண்ட் குயின்சி, ஸ்போகேன் போர்ட்லண்ட் அண்ட் சியாட்டில் ஆகிய நான்கு ரயில்வேக்களும் இணைந்து உருவானதுதான் பர்லிங்டன் நார்தர்ன். அமெரிக்க வடமேற்கு ரயில்களைச் சேர்ப்பவர்களுக்கு அந்தத் தேதி மனப்பாடம். நான்கு பச்சை பாக்ஸ்கார்கள், ஒவ்வொன்றிலும் கதவுக்குப் பக்கத்தில் பழைய கம்பெனி ஒன்றின் சின்னம், கூடவே எண் போட்டுக் கையெழுத்திட்ட சான்றிதழ். செட் 260 டாலர். சாதாரணமாக இதே வகை வண்டி முப்பது டாலருக்குக் கிடைக்கும். ஆனால் சங்கங்களும் மாநாடுகளும் தொழிற்சாலையிடம் சொல்லிச் சிறு எண்ணிக்கையில் சிறப்புப் பதிப்பு போடுவது இந்தப் பொழுதுபோக்கில் நெடுநாள் வழக்கம். அவற்றுக்குக் கூடுதல் விலை இருப்பதும் நியாயம்தான். அந்த நல்ல வழக்கத்தின் மேல் ஏறி நின்றுதான் இந்த ஆள் காசு பார்க்கிறார்.

நானும் ஒரு செட் பதிவு செய்தேன். முழுப் பணமும் முன்பதிவின்போதே வாங்கிக்கொண்டார். மே மாதம் வரும் என்றார். பிறகு ஜூலை என்றார், பிறகு “தொழிற்சாலையில் தாமதம்” என்றார். அக்டோபரில்தான் பெட்டி வந்தது.

1:160 அளவில் நாற்பது அடி பாக்ஸ்கார் மூன்றே அங்குலம். கண்ணாடிப் பெட்டியில் வைத்து நேராகப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கைப்பேசி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சின்னத்தைச் சுற்றி மெல்லிய பளபளப்பான ஓரம். ரிவெட்டுகள் இருக்கும் இடங்களில் அடியில் காற்று சிக்கி வெள்ளிப் பொட்டுகளாகத் தெரிந்தது. இது டீக்கால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படலம். தொழிற்சாலையில் பேட் பிரிண்டிங் செய்வார்கள். மெத்தென்ற சிலிக்கோன் திண்டு மையை எடுத்து வண்டியின் மேடுபள்ளத்தோடு படிந்து அச்சிடும். அதில் படலமும் இருக்காது, ஓரமும் இருக்காது.

அடுத்தது வண்டி எண். எண் இருந்த இடத்தில் மட்டும் பச்சை கொஞ்சம் மங்கியிருந்தது. சாய்த்துப் பிடித்தால் புதிய எண்ணுக்கு அடியில் பழைய எண்ணின் நிழல். கடையில் கிடைக்கிற சாதாரண பச்சை வண்டியை வாங்கி, எண்ணைத் துடைத்துவிட்டு, மேலே டீக்கால் ஒட்டியிருக்கிறார்கள். டீக்கால் ஒட்டுவது குற்றமில்லை. நானே ஒட்டுவேன், அது இந்தக் கலையின் ஒரு பகுதி. “தொழிற்சாலைச் சிறப்புப் பதிப்பு” என்று சொல்லி இரட்டிப்புக்கும் மேல் வாங்கியதுதான் ஏமாற்று.

எனக்கு மிகவும் வலித்தது இன்னொன்று. பக்கவாட்டில் “கட்டியது 6-72” என்று ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் கூரையில் நீளவாக்கில் நடைபலகை இருக்கிறது! பிரேக்மேன்கள் வண்டி வண்டியாக மேலே நடந்துபோய்க் கைபிரேக்கைத் திருகிய காலத்துக்கானது அந்தப் பலகை. புதிதாகக் கட்டும் பாக்ஸ்கார்களுக்கு அது வேண்டாம் என்று 1966-லேயே விதி மாறிவிட்டது. 1972-இல் கட்டிய பாக்ஸ்காரில் அது இருக்க வழியில்லை. நான்கு ரயில்வேக்களின் வரலாற்றைச் சொல்லி விற்றவருக்கு அந்த வரலாற்றின் மேல் இந்த அளவு மரியாதைகூட இல்லை.

படங்கள் எடுத்து அனுப்பிக் கேட்டேன். “கையால் மெருகூட்டியது, அதனால்தான் அப்படி” என்று பதில். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பணத்துக்குப் பதில் தன்னிடமே வேறு பொருள் வாங்கிக்கொள்ள வரவு வைக்கிறேன் என்றார், அப்புறம் பதிலே இல்லை. இதற்கிடையில் மினசோட்டாவில் இருக்கும் ஒரு சேகரிப்பாளர் தன் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினார். அதிலும் 150-இல் 37. என்னுடையதும் 37. கையெழுத்தின் கடைசிக் கோட்டருகே மை தெறித்த ஒரு புள்ளி, இரண்டிலும் அச்சாக ஒரே இடத்தில். ஒரே தாளை நகலெடுத்து எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை செட் போயிருக்கிறதோ, அது அவருக்குத்தான் வெளிச்சம்.

இனி இப்படி ஏதாவது கண்ணில் பட்டால், முதலில் தயாரித்த நிறுவனத்துக்கே பொருள் எண்ணைக் கொடுத்து, இப்படி ஒரு பதிப்பு போட்டீர்களா என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் பிறகு கேட்டபோது, அப்படி எதுவும் செய்யவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்துவிட்டது. விற்பவரிடம் சாய்வு வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். உண்மையான பொருள் வைத்திருப்பவர் தயங்க மாட்டார்.

இப்போது பணம் கட்டியவர்களுக்கு. அமெரிக்காவில் அஞ்சலிலோ இணையத்திலோ விற்பவர் சொன்ன காலத்துக்குள் பொருளை அனுப்ப வேண்டும். காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள். முடியாவிட்டால் உங்களிடம் தெரிவித்து, ரத்து செய்து முழுப்பணம் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும். இது மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்றால் பொறுக்காதீர்கள், எழுத்தில் ரத்து கேளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தத் தொகை முதலில் வந்த பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். தாமதத்துக்கு மேல் தாமதம் சொன்னதே இந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான் என்பது என் திடமான எண்ணம். என் வங்கி, பெட்டி கைக்கு வந்த நாளை வைத்துப் புகாரை ஏற்றுக்கொண்டது. எல்லா வங்கியும் அப்படிச் செய்யும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். மினசோட்டா நண்பர் நிலைமைதான் மோசம். கட்டணம் மிச்சம் என்று சொல்லி, நண்பர்களுக்குள் பணம் அனுப்பும் வழியில் கட்ட வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

பெட்டி அஞ்சலில் வந்திருந்தால் அஞ்சல் துறையின் புலனாய்வுப் பிரிவிலும், உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். நான் இரண்டிலும் கொடுத்திருக்கிறேன். இந்த செட் உங்களிடம் இருந்தால் சான்றிதழின் எண்ணை மட்டும் எனக்குத் தெரியப்படுத்துங்கள். 37 என்று இன்னும் சில பேரிடம் இருந்தால், அது புகாருக்குப் பெரிய பலம்.