ரவுட்டரில் ஹார்டு டிஸ்க்கைச் செருகிவிட்டு "வீட்டு கிளவுட்" என்று விற்கிறார்கள், ஜாக்கிரதை

ரவுட்டர் வாங்கப் போன இடத்தில் "உங்க வீட்டுக்கே தனி கிளவுட் போட்டுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தங்கையின் கல்யாண வீடியோவில் பாதி போய்விட்டது. அதைவிட மோசம், அப்பாவின் ஆதார், பான் கார்டு, நிலத்துப் பட்டா என்று ஸ்கேன் செய்து வைத்த அத்தனையும் பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது.

நாங்கள் விசாரிக்கப் போனது தனி நாஸ் (NAS) பெட்டிக்குத்தான், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி எல்லாரும் ஃபைல் வைத்து எடுக்கும் ஸ்டோரேஜ் பெட்டி. கடைக்காரர், "எதுக்கு சார் அவ்வளவு செலவு, இந்த ரவுட்டர்ல யூஎஸ்பி போர்ட் இருக்கு, உங்ககிட்ட இருக்கிற டிஸ்க்கைச் செருகினா போதும், வெளியூர்ல இருந்தும் பார்க்கலாம்" என்றார். ரவுட்டர் விலை ஒன்று, செட்டப் சார்ஜ் தனி. வெளியிலிருந்து திறக்க ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி எண்) வேண்டும் என்று பிராட்பேண்டுக்காரர்களிடம் கூடுதல் கட்டணம் கட்டி அதையும் வாங்க வைத்தார்கள். வேலை முடித்துக் கிளம்பும்போது டெக்னீஷியன் அப்பாவிடம், "இனிமே லேப்டாப்ல எதையும் வச்சுக்காதீங்க சார், எல்லாம் இதுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காசு வாங்கிக்கொண்டு வேலை செய்ய வந்தவர் சொல்லக் கூடாத வார்த்தை அது.

முதலில் டிஸ்க் அடிக்கடி காணாமல் போக ஆரம்பித்தது. பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் உள்ளே டிக், டிக் என்று சத்தம், அப்புறம் நெட்வொர்க்கிலேயே இருக்காது. டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டிக்கரில் 5 வோல்ட், 1 ஆம்ப் என்று போட்டிருக்கிறது. ரவுட்டரில் இருப்பது யூஎஸ்பி 2.0 போர்ட், அதன் தரக் கணக்குப்படி 500 மில்லிஆம்ப் (அரை ஆம்ப்) தான், யூஎஸ்பி 3.0 என்றாலே 900தான். உள்ளே தட்டு சுழல ஆரம்பிக்கும் நொடியில்தான் டிஸ்க் அதிகமாகக் கரண்ட் இழுக்கும், அந்த நேரத்தில் போதாமல் போனால் அப்படியே விழுந்துவிடும். இதில் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதெல்லாம் ரவுட்டர் ஒரு தடவை அணைந்து எழும். எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைப் பாதியில் பிடுங்குவதும் இதுவும் ஒன்றுதான். கடைசியில் ஒருநாள் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தபோது ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. பாதி ஃபைல்களைத்தான் மீட்க முடிந்தது.

டிஸ்க் கெட்டுப்போனதால்தான் மற்றது தெரிந்தது. நெட்வொர்க் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் வந்து ரவுட்டர் செட்டிங்கைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் போனில் வைஃபையை அணைத்தான். மொபைல் டேட்டாவில், ஒரு ஃபைல் மேனேஜர் ஆப்பில், எங்கள் ஐபி எண்ணை எஃப்டிபி (நெட் வழியாக ஃபைல்களை அனுப்பி எடுக்கும் முறை) முகவரியாக அடித்தான். மீட்ட ஃபைல்களைப் போட்டு அப்பா அதே போர்ட்டில் திரும்பச் செருகியிருந்த டிஸ்க் அப்படியே திறந்தது, பெயரும் கேட்கவில்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை. அப்பாவின் பட்டாவைத் தொட்டுப் பெரிதாக்கிக் காட்டினான். எஃப்டிபியில் அனானிமஸ் (யாரென்று கேட்காமல் உள்ளே விடுவது) ஆன், இன்டர்நெட் அணுகல் ஆன், ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு பெட்டியில் வந்தது வந்தபடி.

போதாததற்கு லேப்டாப்பில் எஸ்எம்பி 1-ஐயும் (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறையின் பழைய பதிப்பு) ஆன் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அந்த ரவுட்டருக்குப் புதியது தெரியாதாம். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய எஸ்எம்பியில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை வழக்கமாக நிறுவுவதையே நிறுத்திவிட்டது.

இப்படி நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்ல முடியாது. 2014 பிப்ரவரியிலேயே ஏசஸ் (ASUS) நிறுவனத்தின் ரவுட்டர்களில் மாட்டியிருந்த 12,900க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளுக்குள் வெளியாட்கள் நுழைந்த விவகாரம் வெளியே வந்தது. அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்கெடுத்து, 2016இல் நடந்த உடன்பாட்டில் அந்த நிறுவனம் 20 ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் தணிக்கைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. யாருக்கு வேண்டுமானாலும் திறந்துவிடுவதுதான் அவர்களுடைய செட்டப்பிலேயே வழக்கமான தேர்வாக இருந்தது. எங்கள் வீட்டிலும் அதேதான் செய்திருக்கிறார்கள், இத்தனை வருஷத்துக்கு அப்புறம்.

கடையில் கேட்டால் "டிஸ்க் பழசு சார், அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல" என்கிறார்கள். அந்தப் பழைய டிஸ்க்கையே செருகலாம் என்று சொன்னவர்களும் இவர்கள்தான். எஃப்டிபி பற்றிக் கேட்டதற்கு, வெளியிலிருந்து பார்க்கணும்னு நீங்கதானே கேட்டீங்க என்றார்கள். நாங்கள் கேட்டது எங்களுக்கு. ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் இல்லை.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே யாராவது இப்படி மாட்டிக் கொடுத்திருந்தால் இன்றைக்கே ரவுட்டருக்குள் போய் எஃப்டிபியை, முக்கியமாக இன்டர்நெட் வழி அணுகலை, அணைத்துவிடுங்கள், அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அப்புறம் மொபைல் டேட்டாவில் வெளியிலிருந்து திறக்கிறதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். டிஸ்க் வைத்தே ஆக வேண்டும் என்றால் தனி அடாப்டருடன் வரும் டிஸ்க்கோ, பவர் உள்ள யூஎஸ்பி ஹப்போ வேண்டும். இன்னொரு காப்பி வேறெங்காவது கண்டிப்பாக இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் பெட்டியில் போர்ட் 2.0வா 3.0வா என்பதையும், எஸ்எம்பி 2 அல்லது 3 உண்டா என்பதையும் பாருங்கள், கடைக்காரரால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அவரிடம் செட்டப் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், சரிப்படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. புகாரில் இணைக்க முடிந்தது "நெட்வொர்க் ஸ்டோரேஜ் செட்டப்" என்று தனி வரியாகப் போட்ட அவர்களுடைய பில்தான், அதனால் யாரிடம் வேலை கொடுத்தாலும் என்ன செய்து கொடுத்தார்கள் என்பதைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.