கொசு களிம்பு: ட்யூப் சரிதான், பூசுற கைதான் கஞ்சம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நெல்லையில் பெரும்பாலான மெடிக்கலில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே கொசு விரட்டிகளை அடுக்கிவிடுகிறார்கள். ட்யூப், சாஷே, ரோல்-ஆன், சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர், பிள்ளைகள் கையில் மாட்டும் வளையம் என்று வகைக்குக் குறைவில்லை. காசு கொடுக்கத் தகுந்தவை இரண்டுதான். ஒன்று, 12 சதவீத டைஎத்தில் பென்சமைடு உள்ள களிம்பு. ஓடோமாஸ் இந்த வகை. இன்னொன்று, டீட் (DEET) என்ற கொசு விரட்டும் மருந்து கலந்த லோஷன் அல்லது ஸ்ப்ரே. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மூலக்கூறு, டீட்டில் மெத்தில் என்ற சின்ன அணுத் தொகுதி ஒன்று கூடுதல், அவ்வளவுதான். டீட் 1940-களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. 1957-லிருந்து பொதுமக்கள் கையில் இருக்கிறது. நெடுங்காலம் தோலில் பூசிப் பார்த்த மருந்து இது.

"பூசத்தான் செய்யுதோம், கடிக்கத்தான் செய்யுது" என்பதுதான் பொதுவான புகார். கோளாறு பெரும்பாலும் அளவில். உலக சுகாதார நிறுவனத்தின் சோதனை முறையில் சுமார் 600 சதுர சென்டிமீட்டர் தோலுக்கு, அதாவது மணிக்கட்டு முதல் முழங்கை வரை ஒரு கைக்கு, 1 மில்லி பூசுகிறார்கள். அந்தக் கணக்கில் இரண்டு கைக்கு 2 மில்லி. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலுக்கும் சேர்த்து ஏறக்குறைய 4. பாதம், கழுத்து, காது மடலுக்கு 1. ஆக ஒரு பெரிய ஆளுக்கு ஒரு தடவைக்கு 7 மில்லி. 50 கிராம் ட்யூப் ஏழு தடவையில் தீர்ந்துபோகும். வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர் என்றால் இரண்டாம் தடவைக்கே பற்றாது. நம் வீடுகளிலோ பட்டாணி அளவு பிதுக்கி, நெற்றிக்கு விபூதி இடுவதுபோல இழுத்துவிட்டு ஒரு மாதம் ஓட்டுகிறார்கள்.

அதற்காக ட்யூப் ட்யூபாக வாங்கிக் குவிக்கச் சொல்லவில்லை. பூச வேண்டிய பரப்பைக் குறைத்தால் போதும். முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை போட்டுவிட்டு, மிச்சம் தெரிகிற இடத்தில் அளவாகப் பூசுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தாழப் பறந்து கணுக்கால், பாதம், கெண்டைக்காலைத்தான் முதலில் தேடும். கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் உடம்பு முழுக்க மெல்லியதாக இழுப்பதைவிட முழங்காலுக்குக் கீழே தாராளமாகப் பூசுவது மேல். இடையில் திட்டுத் திட்டாக விட்டுவிடவும் கூடாது. பூசிய இடத்திலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி வெறும் தோல் இருந்தால் கொசு அங்கே உட்கார்ந்து கடித்துவிட்டுப் போகும். இது கொசுவைக் கொல்லும் மருந்து இல்லை. கொசு மோப்பம் பிடித்து வருவதைக் குழப்பும், கால் பட்டால் விலக வைக்கும்.

நேரமும் முக்கியம். ராத்திரி படுக்கப்போகும்போது பூசிக்கொள்வது பலருக்குப் பழக்கம். அந்நேரம் வருவது பெரும்பாலும் கியூலெக்ஸ், அனாஃபிலிஸ் வகைக் கொசுக்கள். அவற்றுக்குக் கொசுவலையே போதும், தோலில் விடிய விடிய மருந்து கிடக்க வேண்டியதில்லை. ஏடிஸ் கடிப்பது பகலில். விடிந்து ஓரிரு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் ரொம்ப மும்முரம். ஆகவே பிள்ளைகளுக்குப் பூச வேண்டியது காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது. உள்ளங்கையில் பூசாதீர்கள், அது நேராகக் கண்ணுக்கும் வாய்க்கும் போகும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டீட் வேண்டவே வேண்டாம், தொட்டிலுக்கு மேல் வலை போடுங்கள்.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் திண்ணையில் பகல் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு இந்தக் களிம்பு மற்ற யாரையும்விட அதிகம் தேவை. மடக்கிய கால், அசையாத உடம்பு, பக்கத்திலேயே தண்ணீர் பிடித்து வைத்த டிரம். ஏடிஸுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் விரலில் மருந்து இருந்தால் இலையிலும் தூளிலும் ஏறும். புறங்கையால் பூசுவது நல்லது. முடியாவிட்டால் பூசி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு முறத்தை எடுங்கள். வயலில் நாற்று நடுகிறவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. முழங்கால் தண்ணீரில் எதுவும் நிற்காது, கரையேறித் துடைத்தபின் மறுபடி பூச வேண்டியதுதான். ஆற்றில் குளித்தாலும் அப்படியே.

வெயில் இன்னொரு எதிரி. சுற்றுச் சூடு 10 டிகிரி கூடினால் டீட் தாங்கும் நேரம் பாதி வரை குறையலாம். குளிர் நாட்டு டப்பாவில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம் சித்திரை வெயிலில் அப்படியே நம்ப முடியாது. சன்ஸ்கிரீன் போடுகிறவர்கள் முதலில் அதைப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே கொசு மருந்தைப் பூச வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கலந்த ட்யூப் வேண்டாம். சன்ஸ்கிரீனை இரண்டு மணிக்கொருமுறை பூச வேண்டும், கொசு மருந்துக்கு அவ்வளவு தேவையில்லை.

வளையம், ஸ்டிக்கர் பற்றி ஒரே பேச்சு: வாங்காதீர்கள். 2002-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த சோதனையில் 15 பேர் கையை ஏடிஸ் கொசுக் கூண்டுக்குள் நீட்டினார்கள். 23.8 சதவீத டீட் சராசரியாக 301.5 நிமிடம் தாங்கியது. சிட்ரொனெல்லா எண்ணெய் கலந்தவை 20 நிமிடத்தைத் தாண்டவில்லை. மருந்து ஏற்றிய வளையமோ அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அதே சோதனையில் சோயா எண்ணெய் கலந்த ஒன்று ஒன்றரை மணி நேரம் தாங்கியது என்பது வேடிக்கைதான். துணியில் தடவும் ரோல்-ஆன் சிட்ரொனெல்லா, யூகலிப்டஸ் வகை என்றால் எதிர்பார்ப்பையும் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தோலைப் பொறுத்தவரை இந்தக் களிம்புகளால் வரும் தொந்தரவு குறைவுதான். முதல்முறை வாங்கினால் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ள இடம், வெட்டுக் காயம், அப்போதுதான் சவரம் செய்த முகம் ஆகாது. உடைக்கு அடியில் பூசாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். டீட் பிளாஸ்டிக்கை இளக்கும். கண்ணாடி ஃபிரேம், வாட்ச் வார், மொபைல் உறை பத்திரம். வேப்பெண்ணெயை அப்படியே பூசினால் சிலருக்குத் தோல் சிவந்து எரியும், தேங்காய் எண்ணெயில் கலந்தால்தான் தாங்கும்.

உண்மையான சேதம் கடித்த பிறகு நடக்கிறது. தடிப்பின்மேல் சுண்ணாம்பு வைப்பது தோலைப் புண்ணாக்கும் வேலை. சிறு பிள்ளைகள் சொறிந்து சொறிந்து நகக்கண்ணில் இருக்கும் கிருமி இறங்கி, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும். அது வந்துவிட்டால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். அதற்கு முன்பே நகத்தை வெட்டி, குளிர்ந்த தண்ணீர்த் துணி ஒற்றி, கலமைன் லோஷன் தடவினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கும். அரிப்புக்கு என்று கேட்டால் சில கடைகளில் சீட்டு இல்லாமலே ஒரு கலவை ட்யூப் எடுத்துத் தருவார்கள்: ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் சேர்ந்தது. ஒரே ராத்திரியில் அரிப்பு நிற்கும், அதனால்தான் பேர் வாங்குகிறது. வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வெளுக்கும். படர்தாமரை இருந்தால் உருமாறி, வட்டம் தெரியாமல் பரவும். ட்யூபைத் திருப்பி மருந்துப் பெயரைப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.