ஜோத்பூரா, ஜெய்சல்மேரா, பிகானேரா? தார் பாலைவனத்தில் எந்தக் கோட்டைக்கு எத்தனை நாள்

ஐந்து நாள் லீவில் மேற்கு ராஜஸ்தான் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று ஊர்களையும் சேர்த்தே திட்டம் போடுகிறார்கள். வரைபடத்தில் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். ஆனால் ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கி.மீ., அங்கிருந்து பிகானேர் 330, பிகானேரிலிருந்து ஜோத்பூர் 250. மூன்றையும் சுற்றினால் பகலில் பாதி காரிலேயே போய்விடும். எதை விடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோட்டை என்று மட்டும் பார்த்தால் ஜோத்பூரின் மெஹ்ரான்கர்தான் முதலிடம். 1459-ல் ராவ் ஜோதா தொடங்கியது, ஊருக்கு மேலே ஏறக்குறைய 120 மீட்டர் உயரப் பாறையில் நிற்கிறது. பல்லக்குகள், யானை அம்பாரிகள், ஆயுதங்கள், ஓவியங்கள் என அருங்காட்சியகம் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறது. ஆடியோ கைடு எடுத்தால் தனி வழிகாட்டி தேவைப்படாது. மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அதிலேயே ஏறி அதிலேயே இறங்கினால் வாசல்களைப் பார்க்கவே முடியாது. மேலே லிஃப்டில் போய், கீழே நடந்து வாருங்கள். யானைப்படை ஓடிவந்து மோத முடியாதபடி பாதை ஏன் சட்டென்று திரும்புகிறது என்பது நடக்கும்போதுதான் புரியும். 'லோஹா போல்' என்ற பெயருள்ள வாசலில் உடன்கட்டை ஏறிய அரசிகளின் கைத்தடங்கள் இருக்கின்றன.

பலரும் தவறவிடுவது கோட்டையடியில் இருக்கும் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. சுமார் 70 ஹெக்டேர் எரிமலைப் பாறை நிலம். நம் ஊர்க் கண்மாய்களை விழுங்கிய அதே சீமைக்கருவேலம் இங்கேயும் மண்டிக் கிடந்தது. மேலே வெட்டினால் திரும்பத் துளிர்க்கும் என்பதால், 2006-லிருந்து கல்லுடைக்கும் தொழிலாளர்களை வைத்துப் பாறை இடுக்குகளிலிருந்து வேரோடு தோண்டி எடுத்து, பாலைக்கே உரிய செடிகளை நட்டிருக்கிறார்கள். கருவேலத்தோடு மல்லுக்கட்டும் எந்த ஊர்க்காரரும் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய வேலை இது.

ஜெய்சல்மேர் வேறு வகை. 1156-ல் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கடை, கோயில், வீடு எல்லாம் மஞ்சள் மணற்கல்லில். அரண்மனைக் கண்காட்சி மெஹ்ரான்கருக்கு ஈடாகாது, இங்கே தெருக்கள்தான் காட்சி. உள்ளே இருக்கும் சமணக் கோயில்களுக்கு மற்றவர்களை முற்பகலில்தான் அனுமதிப்பார்கள். எனவே கோட்டையைக் காலையில் வையுங்கள். பெல்ட், பர்ஸ் உட்படத் தோல் பொருள் எதுவும் கொண்டுபோகாதீர்கள். பட்வா ஹவேலிகள் என்னும் பழைய மாளிகைகளின் செதுக்கு வேலையை மதியத்துக்கு மேல் பார்க்கலாம்.

அறை மட்டும் கோட்டைக்குள் எடுக்காதீர்கள். களிமண்ணும் மென்பாறையும் கலந்த குன்றின் மீது கட்டப்பட்ட கோட்டை அது. கடீசர் ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்தில் கசிவு இல்லை. குழாயும் விடுதிக் குளியலறைகளும் வந்த பிறகு நீர் அடித்தளத்தில் இறங்கி, கொத்தளங்கள் சில சரிந்திருக்கின்றன. வெளியே மாடியுள்ள விடுதியில் தங்கினால் கோட்டைக்கும் பாரமில்லை, காலை வெயிலில் அது பொன்னிறமாவதும் முழுதாகத் தெரியும்.

மணல்மேட்டுக்கு இந்த மூன்றில் ஜெய்சல்மேர்தான் முதலிடம். மேற்கே 40 கி.மீ. தள்ளி இருக்கும் 'சம்' மணல்மேடு அகலமானது, ஆனால் மாலையில் ஜீப் இரைச்சலும் ஒலிபெருக்கியும் தாங்காது. தென்மேற்கிலுள்ள குரி சிறியது, அமைதியானது. குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சம், மற்றவர்களுக்குக் குரி. கூடாரக் கட்டணத்தில் ஒட்டகச் சவாரி, ஜீப், இரவு உணவு எவையெவை அடக்கம் என்று முன்பணம் தரும் முன்பே எழுதி வாங்குங்கள். சவாரி எத்தனை நிமிடம் என்பதும் அதில் இருக்கட்டும். தகராறு பெரும்பாலும் அங்கேதான் வரும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் எலும்பைத் தொடும், ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம்.

பிகானேரின் ஜூனாகர் குன்றில் இல்லை, சமதரையில் அகழியோடு நிற்கிறது. ராஜா ராய் சிங் காலத்தில் 1589-ல் தொடங்கி 1594-ல் முடிந்தது. வெளித்தோற்றத்தில் மற்ற இரண்டுக்கும் பின்னால்தான். உள் அலங்காரத்தில் முந்திவிடும். அனூப் மஹாலின் சிவப்பும் பொன்னும், பாதல் மஹால் சுவர் நிறைய நீல மேகங்கள். மழைக்கு ஏங்கிய ஊர் தீட்டிக்கொண்ட மழை அது. ஓவியத்தில் மனம் உள்ளவர்கள் இதை விடக்கூடாது. 30 கி.மீ. தொலைவில் தேஷ்னோக்கில் எலிகள் ஓடித் திரியும் கர்ணி மாதா கோயில் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், பழைய காலுறை கொண்டுபோங்கள்.

ஐந்து நாள்தான் என்றால் ஜோத்பூருக்கு இரண்டு, ஜெய்சல்மேருக்கு மூன்று, பிகானேர் வேண்டாம். ஏழு நாள் இருந்தால் மூன்றும் சரிப்படும். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டிக்கும், மதுரையிலிருந்து பிகானேருக்கும் வாராந்திர ரயில்கள் உண்டு. முதலதில் போய் இரண்டாவதில் திரும்பினால் பிகானேர் வழியிலேயே வந்துவிடும். ஓடும் கிழமைகளைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். அக்டோபர் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரைதான் இந்தக் கணக்கெல்லாம். மே, ஜூனில் 45 டிகிரியைத் தாண்டும் வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் எந்தக் கோட்டையிலும் ஏற முடியாது.