ஹெட்செட்டா, புரொஜெக்டர் அறையா?

பிரிட்டனின் நலத்திட்ட வெட்டுகள் மனிதர்களை என்ன செய்தன என்று காட்டும் கண்காட்சிக்கு எது சரி: கண்ணில் மாட்டிக்கொண்டு காட்சிக்குள்ளேயே இருப்பதுபோல் பார்க்கும் வி.ஆர். ஹெட்செட்டா, சுவர்களில் படம் ஓடும் புரொஜெக்டர் அறையா?

செலவு: ஹெட்செட் இரண்டு மூன்றோடு தொடங்கலாம். அறைக்குப் பல புரொஜெக்டர்கள், நல்ல இருட்டு, ஸ்பீக்கர்கள் வேண்டும்.

பராமரிப்பு: ஹெட்செட்டை ஆளுக்கு ஆள் துடைக்கணும், சார்ஜ் போடணும். அறையில் அந்தத் தொல்லை இல்லை.

தாக்கம்: 2013-இல் வந்த 'படுக்கையறை வரி', சமூக வீடுகளில் (உள்ளாட்சியும் வீட்டுவசதி அமைப்புகளும் குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகள்) ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தாலே வாடகை உதவிக் கணக்கில் 14% வெட்டியது. யூனிவர்சல் கிரெடிட்டில் (வேலையில்லாதோர், குறைந்த வருமானத்தோருக்கான அரசு உதவித்தொகை) முதல் பணம் வரவே சுமார் 5 வாரம். அந்தக் காத்திருப்பை ஹெட்செட் உணர்த்தும். காலிச் சமையலறையில் தனியே உட்கார வைத்துவிடும்.

ஆனால் சிலருக்குத் தலை சுற்றும். வெட்டில் அடிபட்ட மாற்றுத்திறனாளிகளே பார்க்க முடியாமல் போனால் அப்புறம் யாருக்காக?

எம்.பி.க்களுக்குக் காட்ட ஹெட்செட். பாதிக்கப்பட்டவர்கள் கூடிப் பேச அறை.