ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட்: 5க்கு 4 ஸ்டார்

திருப்பூர்ல சாயப்பட்டறை ஒன்றில் மணிக்கு 3 டன் நீராவி தரும் விறகு பாய்லர் ஓட்டுகிறேன், செகண்ட் கிளாஸ் சர்டிபிகேட். பாய்லருக்குப் போகும் தண்ணியின் ஹார்ட்னஸை (கடினத்தன்மையை) எடுக்கும் சாஃப்ட்னர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இந்தச் சொட்டு கிட்டை ஆன்லைனில் வாங்கினோம். தாராளமாக வாங்கலாம். ஆனால் கூட வரும் துண்டுச்சீட்டை நம்பி வேலைக்கு ஆகாது.

"அதான் டிடிஎஸ் பேனா இருக்குதே, இது எதுக்கு?" என்று எங்கள் சூப்பர்வைசரே கேட்டார். பேனா காட்டுவது தண்ணியில் கரைந்திருக்கும் மொத்த உப்பு. சாஃப்ட்னர் அதைக் குறைப்பதில்லைங்க. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது, அவ்வளவுதான். உள்ளே 1,200 டிடிஎஸ் போனால் வெளியிலும் கிட்டத்தட்ட அதேதான் காட்டும். ரெசின் (சாஃப்ட்னருக்குள் கால்சியத்தைப் பிடிக்கும் மணிகள்) தீர்ந்து போய்க் கிடந்தாலும் பேனாவுக்குத் தெரியாது. பேனா புளோடவுனுக்கு (உப்பு ஏறிய பாய்லர் தண்ணியைக் கொஞ்சம் வெளியே திறந்துவிடுவதற்கு). பாய்லர் தண்ணி 3,500ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள அது போதும்.

பெட்டிக்குள் ஒரு சின்னக் குப்பி, பஃபர் பாட்டில் (திறந்தால் அமோனியா நெடி மூக்கைப் பிடுங்கும்), கலர் பவுடர், இடிடிஏ (ஹார்ட்னஸை அளக்கும் கரைசல்) சொட்டு பாட்டில். சாம்பிள் தண்ணியிலேயே குப்பியைக் கழுவிவிட்டு 10 மில்லி பிடித்து, பஃபரும் பவுடரும் போட வேண்டும். ஹார்ட்னஸ் இருந்தால் பீட்ரூட் கலர் வரும். குலுக்கிக்கொண்டே சொட்டு விட்டால் ஊதா ஆகி, பிறகு சுத்த நீலத்துக்கு வரும். ஊதாவிலேயே நிறுத்திவிடாதீர்கள், சிவப்புச் சாயல் துளிகூட இருக்கக் கூடாது. நைட் ஷிப்டில் மஞ்சள் பல்புக்குக் கீழே இந்த வித்தியாசம் சுத்தமாகத் தெரியாது. டியூப் லைட்டுக்கு அடியில், பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பாருங்கள்.

சீட்டுப்படி ஒரு சொட்டு 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்). போர் தண்ணிக்குச் சரி. பாய்லருக்குப் போகிற தண்ணியே 5க்குள் இருக்க வேண்டும் எனும்போது இந்த அளவுகோல் என்னத்துக்கு ஆகும்? 50 மில்லி எடுங்கள், பஃபரையும் பவுடரையும் அதற்கேற்பக் கூட்டுங்கள், ஒரு சொட்டு 1 பிபிஎம் ஆகிவிடும். இதைச் சீட்டில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு ஸ்டார் குறைத்தது இதற்குத்தான். குப்பியில் இருக்கும் கோடும் கை பட்டுப் பட்டு அழிகிறது.

20 பிபிஎம் தானே என்று விடுபவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 60 கன மீட்டர் தண்ணி பாய்லருக்குள் போனால், கல்லாகப் படியக்கூடிய சரக்கு 1 கிலோ 200 கிராம். ஒரே நாளில். பாய்லர் டியூப் மேல் இந்தக் கல் படிவு (ஸ்கேல்) ஏறினால் விறகு கூடத் தின்னும், டியூபும் சூடேறிப் புடைக்கும்.

எங்களுக்குப் பெரிய லாபம் லாரி தண்ணியில். முன்பெல்லாம் இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ரீஜெனரேஷன் என்று கடிகாரம் பார்த்து, ரெசினைப் புதுப்பிக்க உப்புக் கரைசல் விடுவோம். 300 ஹார்ட்னஸுக்குப் போட்ட கணக்கு, 600 வரும் நாளில் பாதித் தண்ணி ஓடுவதற்குள்ளேயே ரெசின் தீர்ந்துவிடும். இப்போது லோடு இறங்கியதும் சாஃப்ட்னருக்குள் போகாத தண்ணிக்கு ஒரு டெஸ்ட், ஓட ஓட சாஃப்ட்னர் அவுட்லெட்டில் ஒன்று.

துரு கலந்த கண்டென்சேட்டில் (நீராவி குளிர்ந்து திரும்பி வரும் தண்ணியில்) மட்டும் போடாதீர்கள். இரும்பு இருந்தால் கலர் நீலத்துக்கே வராமல் இழுக்கும். பவுடர் டப்பாவை பாய்லர் ஹவுஸில் வைத்தால் ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும், ஆபீஸ் அலமாரிதான் அதற்கு இடம். இடிடிஏ பாட்டில் தனியாக ரீஃபில் கிடைக்கிறது, முழுப் பெட்டியை மறுபடி வாங்காதீர்கள்.